பொத்தானின் சூட்டு மெத்தை

கரண்டில் சூடாகிற அந்த மெத்தையின் பிளக்கைப் பிடித்துத்தான் இழுப்பார் அவர். ஒயரைப் பிடித்து இழுத்து யாரும் பார்த்ததில்லை. பிடுங்கியதும் மெத்தையைத் தொடவும் மாட்டார். முக்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பத்து நிமிடம் அது ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆறுகிற பொருளில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று பக்கத்து வீட்டுத் தபால்காரருக்குச் சந்தேகம். ஒருநாள் ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்டேவிட்டார்.

"ஏங்க, நீங்க பாக்காட்டி அது ஆறாதா?"

"அது ஆறும். நான் பாத்தாதான் எனக்கு ஆறும்" என்று பதில் வந்தது.

ஆறிய பிறகு வேலை தொடங்கும். முதலில் மேலுறை. ரப்பர் கையுறையை ஈரப்படுத்தி மாட்டிக்கொண்டு ஒரே திசையில் தடவுவார். பழுப்பு நாய்முடியெல்லாம் உருண்டு திரண்டு ஓரத்துக்கு வந்து சேரும். அதைக் கிள்ளி எடுத்துவிட்டு, உறையைக் கழற்றி, மெத்தையை மேசைமேல் பரப்பி, எங்காவது புடைத்திருக்கிறதா, எங்காவது கம்பி நகர்ந்து ஒன்றோடொன்று நெருங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்ப்பார். அடுத்தது ஒயர். பழைய தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் கீறி அதற்குச் சட்டை போட்டிருக்கிறார். சட்டையைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு, பிளக்கிலிருந்து சுவிட்ச் பெட்டிவரை இரண்டு விரலால் உருவிக்கொண்டே போவார். பல் பட்ட இடம் உண்டா, நைந்த இடம் உண்டா. கிழட்டு நாய் பொத்தானுக்குக் கடிக்கிற வயதெல்லாம் எப்போதோ போய்விட்டது; கீழ்வரிசையில் நாலு பல்தான் மிச்சம்.

"நாலு போதும், கரண்டு உள்ள வர" என்பார்.

கடைசியில் மெத்தையைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, நாடாவால் தளரக் கட்டி, அலமாரியின் மேல்தட்டில் படுக்க வைப்பார். மடிக்கமாட்டார். "பேன்ட்டுக்கு மடிப்பு உசிரு. இதுக்கு மடிப்பு எமன். ஒரு தடவ மடிச்சா உள்ள கம்பி செத்துரும்." இதைச் சொல்கிறவர் முப்பத்தொரு வருடமாகத் துணிக்கு மடிப்பு எடுத்தே சாப்பிட்டவர்.

இத்தனை ஒழுங்கும் சமீபத்தில் வந்தது. பொத்தானின் வயிறு வெந்த பிறகு வந்தது. அந்த நாய் இனி இந்த வீட்டில் இருக்குமா இருக்காதா என்பது கேள்வியான பிறகு வந்தது.

அவருக்கு லாண்டரியில் சூட்டுக்கைக்காரர் என்று பெயர். ஹோட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி வெளுக்கிற பெரிய லாண்டரி அது. பின்கட்டில் வரிசையாக ஐந்து இஸ்திரி மேசை. ஐந்து பெட்டிகளிலும் சூட்டைக் காட்டும் எண்கள் தேய்ந்து மறைந்து பல காலமாகிறது. யாரும் கவலைப்படவில்லை, இவர் இருந்ததால். பெட்டியைத் தூக்கி இவர் முன்னால் நீட்டுவார்கள். இரண்டு விரல் இடைவெளியில் உள்ளங்கையைக் காட்டுவார். "பட்டுக்கு ஆகும்." "கம்பளி மேல வைக்காதே, இன்னும் நாலு மூச்சு விடட்டும்." "இது காட்டன்கூடத் தாங்காது, கீழ வை." ஒருமுறை முதலாளி புதிதாக வாங்கிய வெப்பமானியைக் கொண்டுவந்து வைத்துப் பரீட்சை பார்த்தார். வெப்பமானி இரண்டு டிகிரி தப்பாகக் காட்டுகிறது என்று இவர் சொன்னார். கடைக்குத் திருப்பி அனுப்பிப் பார்த்ததில், அது உண்மையிலேயே பழுதாம். அன்றிலிருந்து அந்தக் கைக்கு ஒரு தனி மரியாதை. கல்யாணம் காட்சி எதுவும் ஆகாத தனி ஆள். பெரிதாகப் படிப்பு இல்லை. சொல்லிக்கொள்ளச் சொத்து இல்லை. கை இருந்தது.

பொத்தான் அவருடைய அக்காவின் நாய். மூக்கு, கோட்டில் தைக்கிற பெரிய கறுப்புப் பொத்தான்போல இருந்ததால் குட்டியிலேயே அக்கா அப்படிக் கூப்பிட்டாள். போன மழைக்காலத்தில் அக்கா போய்ச் சேர்ந்தாள். அக்காவின் ஒரே மகள் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். மாதத்தில் இருபது நாள் ஓடுகிற பெட்டியில்தான் வாசம். அவளால் நாய் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே பதின்மூன்று வயதுப் பொத்தான், ஒரு தட்டு, ஒரு சங்கிலி, ஒரு சூட்டு மெத்தை ஆகியவற்றோடு மூன்று தெரு தள்ளி இவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

வந்த புதிதில் அதை அவர் மரியாதையாகத்தான் நடத்தினார். "வாங்க. உள்ள வாங்க. அங்க படுத்துக்குங்க" என்பார். அக்கா வீட்டு ஆளாயிற்றே. அதுவும் விருந்தாளிபோல வாசலைப் பார்த்தே ஒரு வாரம் படுத்திருந்தது.

மெத்தை ஆடம்பரத்துக்கு வாங்கியது இல்லை. பொத்தானுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. குளிர்ந்த காலையில் அது எழுந்திருப்பதைப் பார்க்க வேண்டும். முன்பக்கம் எழுந்துவிடும், பிறகு பின்பக்கத்துக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். பின்பக்கம் வராது. திரும்பிப் பார்க்கும், வேறு யாருடைய இடுப்பையோ பார்ப்பதுபோல. அரைமணி நேரம் மெத்தைமேல் கிடந்தால் போதும், நாலு காலும் ஒன்றாக எழுந்து வாசலுக்குப் போகும். விரித்த செய்தித்தாள் அளவுதான் மெத்தை. உள்ளே மெல்லிய கம்பி பாம்புபோல வளைந்து வளைந்து ஓடுகிறது. ஒயரின் நடுவில் சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு சுவிட்ச் பெட்டி. அதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று தள்ளுகிற விசை.

சுவிட்ச் பெட்டியில் மூன்றாம் எண் இருக்கவேண்டிய இடத்தில், பழைய பிளாஸ்திரி ஒன்று ஒட்டியிருந்தது. அழுக்கேறி, ஓரம் சுருண்டு, நாய்முடி ஒட்டிக்கொண்டு பார்க்கச் சகிக்கவில்லை. சூட்டுக்கைக்காரர் சட்டைக் காலரில் ஒரு சுருக்கம் இருந்தாலே தூங்காத மனிதர். லாண்டரியிலிருந்து கறை எடுக்கிற மருந்தை ஒரு மூடி அளவு கொண்டுவந்தார். பிளாஸ்திரியை உரித்தார், பசையைத் தேய்த்து எடுத்தார், பெட்டி பளபளவென்று ஆகிவிட்டது. அடியில் இருந்த மூன்று என்ற எண் புதிதுபோலத் தெரிந்தது. வந்த பொருளை வந்ததைவிட நன்றாக வைத்திருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு கொள்கை.

மேலுறைக்கு முதல் தடவை கஞ்சியும் போட்டார். பொத்தான் ஏறிப் படுத்தது. படுத்த வேகத்தில் வழுக்கிக்கொண்டு எதிர்ச் சுவர்வரை போயிற்று. அதோடு கஞ்சியை விட்டார். இஸ்திரியை விடவில்லை.

இன்னொன்றும் செய்தார். அக்கா வீட்டில் பொத்தானின் படுக்கை ஒரு பெரிய பழைய பஞ்சு ரஜாய். அதன் ஒரு பாதிக்கு அடியில் மட்டும் சூட்டு மெத்தை இருக்கும். பாதி மேடு, பாதி பள்ளம். இவர் கண்ணுக்கு அது உறுத்தியது. ரஜாயை மெத்தையின் அளவுக்கே நாலாக மடித்து, நாலு மூலையும் பொருந்த, மேலே வைத்து, கயிற்றால் சுற்றிலும் இழுத்துக் கட்டினார். வரைபடத்தில் வரைந்ததுபோல ஒரே மட்டம். படுத்தால் முழு உடம்பும் சூட்டின்மேல். அப்படித்தானே இருக்க வேண்டும் என்று நினைத்தார்.

குளிர்காலம் வந்தது. மெத்தையை ஒன்றில் வைத்து உள்ளங்கையைப் பதித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. இரண்டில் வைத்தார். ஏதோ இருப்பதுபோலவும் இல்லாததுபோலவும் இருந்தது. "என்னங்க இது, ஐஸ் மாதிரி இருக்கு. அக்கா உங்கள ஏமாத்திட்டாளா?" என்று பொத்தானிடம் கேட்டார். எலக்ட்ரிக் கடைக்கு எடுத்துப் போனார். கடைக்காரர் சோதித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். கடைக்காரரின் கருவிமேல் இவருக்கு நம்பிக்கை இல்லை. கருவிகளைப் பற்றி அவருக்கு அனுபவம் உண்டு. வீட்டுக்கு வந்து மூன்றில் வைத்தார். அப்போதுதான் உள்ளங்கைக்கு இதமாக ஒரு வெதுவெதுப்பு தெரிந்தது. "இப்ப சரி" என்றார். இரவு முழுக்க மூன்றிலேயே ஓடியது. மூன்று இரவு.

பொத்தான் ஒரு சத்தம் போடவில்லை. கனத்த ரஜாய்தான் நடுவில் இருந்தது. ஆனால் இரவு முழுக்க ஒரே இடத்தில் கிடக்கிற உடம்புக்கு ரஜாய் எவ்வளவு காக்கும். நகர்ந்து படுக்கலாமென்றால் சூடில்லாத இடமே மிச்சமில்லை. எழுந்து போகலாமென்றால் இடுப்பு விடவில்லை. நாலாவது நாள் காலையில் அது மெத்தைக்கு வர மறுத்துக் குளிர்ந்த தரையில் மல்லாந்து கிடந்தபோதுதான், வயிற்றில் முடியில்லாத இடம் சிவந்து நீர்கோத்திருப்பதை இவர் பார்த்தார்.

நாய் டாக்டர் நடுவயதுப் பெண். பேச்சைவிடக் கேள்விதான் அதிகம்.

"சூடு யாரு பாத்தது?"

"நான்தாங்க."

"எதால?"

"கையாலங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "என் கை தப்பாதுங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

டாக்டர் அந்தக் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் பேனாவால் தட்டினார். கட்டைமேல் தட்டிய சத்தம். "அடுப்புல கொதிக்கிற சட்டிய துணி இல்லாம இறக்குவீங்களா?"

"ஆமாங்க. சின்ன வயசிலிருந்தே."

"அப்ப தப்புறது தெரியாதுன்னு அர்த்தம். தப்பாதுன்னு அர்த்தமில்ல. களிம்பு தரேன். பத்து நாள்ல ஆறிடும். அதோட வயசுக்கு லேசான சூடே நிறைய. எழுந்து நகர இடம் வேணும். ராத்திரி முழுக்கப் போடக் கூடாது. இந்தக் கையால பாக்கவே கூடாது."

வீட்டுக்கு வந்ததும் அக்கா மகளுக்குத் தொலைபேசியில் சொன்னார். மறைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. குறைத்துச் சொல்கிற பழக்கம் உண்டு.

"பொத்தான் வயித்துல கொஞ்சம் சிவந்திருக்கு கண்ணு. மருந்து போட்டாச்சு."

அவள் டிக்கெட் கேட்கிற குரலிலேயே கேட்டாள். "எவ்வளவு கொஞ்சம்?"

"உள்ளங்கை அளவு."

"யார் உள்ளங்கை மாமா? உங்களுதா, என்னுதா?"

"என்னுது. மெத்தை மூணாம் நம்பர்ல ஓடிடுச்சு" என்றார்.

"மூணாம் நம்பருக்கு எப்படிப் போச்சு? போகக் கூடாதுன்னுதானே அம்மா பிளாஸ்திரி ஒட்டி வச்சிருந்தாங்க. நான் கொடுத்த பிளாஸ்திரி. என் கண்ணு முன்னாடி ஒட்டினாங்க."

அலமாரியின்மேல் அந்தச் சுவிட்ச் பெட்டி பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னார். "கறைன்னு நினைச்சேன் கண்ணு. மருந்து போட்டுத் துடைச்சுட்டேன்."

எதிர்முனையில் ரயில் ஓடுகிற சத்தம் இல்லை. அவளை ஆபீசுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று போன வாரம் சொன்னது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை வரேன்" என்றாள். "பொத்தான நானே கூட்டிட்டுப் போயிடுறேன் மாமா. எனக்கும் இப்ப ஒரே எடத்துல வேலைதான். தப்பா எடுத்துக்காதீங்க. அம்மாவோடதுன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்."

"நியாயந்தான்" என்றார். எனக்கும் அது ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றியது. வயிற்றை வேகவைத்தவன் அதைச் சொல்லக் கூடாது என்றும் தோன்றியது.

மறுநாள் லாண்டரியில் இடைவேளையின்போது மடிப்பக்காவிடம் போனார். துணி மடிக்கிற பிரிவுக்குத் தலைவி என்பதால் அந்தப் பெயர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "சூடு கண்ட பூனைன்னு கேள்விப்பட்டிருக்கேன் அண்ணே, சூடு கண்ட நாயை இப்பதான் கேக்குறேன்" என்றாள். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவளும் நிறுத்திக்கொண்டாள்.

"எனக்கு ஒரு உதவி பண்ணு. மூணு குவளையில தண்ணி வை. ஒண்ணு பச்சத் தண்ணி, ஒண்ணு வெதுவெதுப்பு, ஒண்ணு அதைவிடக் கொஞ்சம் சூடு. எது எதுன்னு சொல்லாதே."

துணிக்கட்டுகளுக்குப் பின்னால் அவர் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். ஒவ்வொன்றாகத் தொட்டார். "இது பச்சத் தண்ணி. இதுவும் பச்சத் தண்ணி. இது லேசா வெதுவெதுப்பு." மடிப்பக்கா குவளைகளின் இடத்தை மாற்றி வைத்தாள். அதே பதில். இன்னொரு முறை. அதே பதில்.

"சொல்லு" என்றார் கண்ணைத் திறக்காமலே.

"பச்சத் தண்ணின்னு ரெண்டாவதா சொன்னீங்களே, அதுல குழந்தையக் குளிப்பாட்டலாம். வெதுவெதுப்புன்னு சொன்னது, என்னால விரல் வச்சிருக்க முடியல."

அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. துக்கத்தைவிட அதுதான் முதலில் வந்தது. முப்பத்தொரு வருடமாகத் தம் கையிலேயே இருந்த ஒரு ஊரை இன்றுதான் பார்க்கிறவர்போல உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியின் கொதி சூட்டில் பட்டு எது பருத்தி எது என்று மூச்சுக்கணக்கில் பிரித்துச் சொல்கிற கைக்கு, கீழே, உயிருள்ளவை இருக்கிற சூட்டில், ஒன்றுமே தெரியவில்லை. மேல்மாடியில் எல்லா விளக்கும் எரிகிறது, கீழ்த்தளம் முழுக்க இருட்டு.

"இத யார்கிட்டயும்..." என்று ஆரம்பித்தார்.

"நான் மடிக்கிறவ அண்ணே. மடிச்சு உள்ள வச்சாச்சு" என்று குவளைகளைக் கவிழ்த்தாள் மடிப்பக்கா.

அதற்குப் பிறகுதான் அவருடைய ஆராய்ச்சிகள் தொடங்கின. எந்த இடத்துக்குத் தெரியும் என்று தம் உடம்பிலேயே தேடினார். மணிக்கட்டு சுமார். முழங்கை மடிப்பு பரவாயில்லை. கன்னம் நன்றாகவே சொன்னது. ஆனால் கன்னத்தால் பார்த்தால் கன்னத்துக்குத்தானே தெரியும் என்று ஒரு கேள்வி வந்தது. நாய்க்கு எங்கே பட்டதோ அங்கேதான் பார்க்க வேண்டும். ஆகவே லாண்டரி விட்டு வந்ததும், சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டு, பொத்தானின் படுக்கையில் குப்புறப் படுத்தார். ஒன்றாம் எண்ணில் எத்தனை நிமிடத்தில் சூடு தோலுக்கு வருகிறது, இரண்டாம் எண்ணில் எப்போது வருகிறது, ரஜாய் ஒரு மடிப்பானால் எப்படி, இரண்டு மடிப்பானால் எப்படி. காதை வைத்துக் கேட்டதில், மெத்தைக்குள் நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை டிக் என்று ஒரு சத்தம் வருவதையும் கண்டுபிடித்தார். போதுமான சூடு வந்ததும் அது தானே நின்று, ஆறியதும் தானே ஓடத் தொடங்குகிற சத்தம். அது அவருக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. தபால்காரரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். தபால்காரர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "எனக்கு உங்க நாய் குறட்ட விடுறதுதான் கேக்குது" என்றார்.

ரஜாயை அவிழ்த்துப் பழையபடி பாதி மேடாக, பாதி பள்ளமாகப் போட்டார். முதல் இரண்டு நாள் அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் கை துறுதுறுத்தது. மெத்தை காலையில் அரைமணி, மாலையில் இருபது நிமிடம். அந்த நேரமெல்லாம் அவர் பக்கத்தில் இருந்தார். வேலைக்குப் போகும்போது பிளக் வெளியே, மெத்தை அலமாரிமேல். உறையை வாசனையில்லாத சோப்பில் அலசி நிழலில் உலர்த்தினார். வாசனைச் சோப்பு என்றால் பொத்தான் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும் என்பதையும் இப்போதுதான் கவனித்திருந்தார். களிம்பு போட்ட இடம் சுருங்கி, உலர்ந்து, பத்தாவது நாள் வெறும் தழும்பாயிற்று. பொத்தான் மெத்தைக்கு மறுபடி வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டது. அவர் படுத்து எழுந்தால்தான் அது படுக்கும். அதுவரை முன்காலைப் படுக்கையின் விளிம்பில் வைத்துக்கொண்டு நிற்கும். நேரமாகிவிட்டால் மூக்கால் அவர் விலாவில் இடிக்கும்.

"இருடி, வேகுதா வேகலையான்னு பாக்க வேணாமா?" என்பார் அவர். விருந்தாளி மரியாதை எப்போது போயிற்றென்று அவருக்கே தெரியாது.

முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அக்கா மகளும் வந்தாள். கையில் புதுச் சங்கிலி, தோளில் பெரிய பை. ஒரு கால் செருப்புக்குள் நிற்காமல் தாங்கித் தாங்கி நடந்தாள். புதுச் செருப்பு குதிகாலைக் கடித்து அங்கே பிளாஸ்திரி. இத்தனை வருடம் ரயிலில் நின்றே பார்த்த வேலை. அவள் பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, பிளாஸ்திரி டப்பா இருக்கும்.

அவர் எல்லாவற்றையும் எடுத்துத் தயாராக மேசைமேல் வைத்திருந்தார். சுருட்டிக் கட்டிய மெத்தை, துவைத்த உறை இரண்டு, குழாய்ச் சட்டை, ரப்பர் கையுறை, மிச்சக் களிம்பு. மகளைக் கட்டிக் கொடுத்து அனுப்புகிற வீட்டில் சாமான்களை எடுத்து வைப்பார்களே, அந்த ஒழுங்கு. பொத்தான் அவளைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. இடுப்பும் சேர்ந்து ஆடியது. அவள் குனிந்து முதலில் வயிற்றைத்தான் பார்த்தாள். தழும்பின்மேல் விரலை வைத்து எடுத்தாள்.

"எப்படிப் பாத்துக்கணும்னு ஒரு தடவ சொல்லிடுங்க மாமா. நானும் தெரிஞ்சுக்கிறேன்."

சொல்லிப் புரியவைக்க அவருக்கு வராது. செய்துதான் காட்டத் தெரியும். மெத்தையை விரித்தார், உறை போட்டார், ரஜாயின் ஒரு பாதியை மேலே இழுத்துவிட்டார். "இந்தப் பாதி சூடு. அந்தப் பாதி சூடு இல்ல. எது வேணும்னு அவ முடிவு பண்ணட்டும். நாம முடிவு பண்ணக் கூடாது." பிளக்கை மாட்டி இரண்டில் வைத்தார். பிறகு வழக்கம்போலச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்தார்.

"மாமா. என்ன பண்றீங்க?"

"சூடு பாக்குறேன்."

"கை என்ன ஆச்சு?"

அவர் முகம் ரஜாயில் புதைந்திருந்தது. இந்தக் கேள்விக்கு முகத்தைக் காட்டாமல் பதில் சொல்ல முடிந்ததில் அவருக்கு நிம்மதி. "கை ஆகாது கண்ணு. இந்தச் சூடெல்லாம் அதுக்குத் தெரியாது. டாக்டரம்மா சொன்னாங்க. நானும் தண்ணி வச்சுப் பாத்துட்டேன்."

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பள்ளிச் சட்டையை இந்தக் கைக்குக் கீழேதான் போடுவாள் அம்மா. ஊரிலேயே மாமா கைக்கு இணையில்லை என்று கேட்டு வளர்ந்தவள். மெத்தைக்குள் டிக் என்று சத்தம் வந்தது. பொத்தான் முன்காலை விளிம்பில் வைத்து, ஒரு வயதான மேற்பார்வையாளரைப்போல நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மூக்கால் அவர் விலாவில் இடித்தது.

"இந்தா, எழுந்துட்டேன்" என்று அவர் எழுந்தார். அப்போது அவள் பார்த்தாள். தொப்புளுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்புத் தடம். பழையது, உலரத் தொடங்கியது.

"இது என்ன?"

"அது மூணாம் நம்பர்" என்று சட்டையை எடுத்துக்கொண்டே சொன்னார். "ஒரு தடவ பாத்தேன். எவ்வளவு நேரத்துல சுடுதுன்னு தெரிய வேணாமா? ரஜாய் இல்லாம, உறை மேலயே படுத்தேன். என்னால ஒரு மணி நேரம்கூடத் தாங்க முடியல." பொத்தானைப் பார்த்தார். "இவ மூணு ராத்திரி எப்படிக் கெடந்தான்னுதான் எனக்கு இன்னும் புரியல."

அவள் கண் அவரிடமிருந்து பொத்தானுக்குப் போயிற்று. பொத்தான் இரண்டரைச் சுற்றுச் சுற்றி, இடுப்பைச் சூட்டுப் பாதியிலும் தலையைக் குளிர்ந்த பாதியிலும் வைத்துப் படுத்தது. பெருமூச்சு விட்டது. அவள் மெத்தையை, ரஜாயை, குழாய்ச் சட்டை போட்ட ஒயரை, சுவிட்ச் பெட்டியை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, ரயில் பெட்டி முழுக்கச் சோதிக்கிறவள்போல, விடாமல் பார்த்துக்கொண்டு வந்தாள். பார்வை சுவிட்ச் பெட்டியில் நின்றது. பளபளப்பாக, தனியாக, மூன்று என்ற எண்.

பையைத் திறந்தாள். பிளாஸ்திரி டப்பாவை எடுத்து, ஒன்றை உரித்து, மண்டியிட்டு உட்கார்ந்து, மூன்றாம் எண்ணின்மேல் குறுக்கே ஒட்டினாள். கண்ணை நீர் மறைக்க ஒட்டியதால் அது கோணலாக விழுந்தது. நடுவில் ஒரு சுருக்கம். ஒரு பழுப்பு முடியும் மாட்டிக்கொண்டது. கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தினாள்.

"இனி ரெண்டுக்கு மேல போகாது" என்றாள். சற்றுக் கழித்து, தலையை நிமிர்த்தாமலே, "புதுச் சங்கிலி இங்கயே இருக்கட்டும் மாமா. பழசு துருப்பிடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமைல லாண்டரி லீவுதானே உங்களுக்கு? வந்து பாத்துட்டுப் போறேன்" என்றாள்.

"லீவுதான்" என்றார்.

அவள் தாங்கித் தாங்கி நடந்து தெருமுனையில் திரும்பும்வரை வாசலில் நின்றார். உள்ளே வந்தபோது மெத்தை போட்டு இருபது நிமிடம் ஆகியிருந்தது. பொத்தானைத் தட்டி எழுப்பித் தரைவிரிப்புக்கு அனுப்பினார். பிளக்கைப் பிடித்து இழுத்தார். முக்காலியைச் சுவரோரமாகப் போட்டு உட்கார்ந்தார்.

சுவிட்ச் பெட்டி அவர் காலடியில் கிடந்தது. பிளாஸ்திரியின் ஓரம் ஒன்று இப்போதே எழும்பிக்கொண்டிருந்தது. கோணல், சுருக்கம், நடுவில் முடி. ஒரு நகத்தால் தூக்கி, இழுத்து, நேராக வைத்து நீவினால் அரை நிமிட வேலை. வலது கை தானாகக் கீழே போயிற்று. பாதி வழியில் அதை நிறுத்தினார். திரும்ப எடுத்து, தொடைக்கு அடியில் வைத்து, அந்தக் கையின்மேலேயே நன்றாக உட்கார்ந்துகொண்டு, மெத்தை ஆறுவதைப் பார்க்கத் தொடங்கினார்.